ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கு: வீட்டுக் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்தலாம்?



தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தேர்ச்சியில் நிறுத்துவதில்லை. இது நல்ல ஏற்பாடுதான். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்த ஏற்பாடு. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போன பிள்ளை ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில்தான் விஷயம் வெளியே தெரியும். அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு வருடம்தான் மிச்சம். "இவனுக்குக் கணக்கு ஏறாது, கடைக்கு வந்துடட்டும்" என்று மகனையும், "படிச்ச வரைக்கும் போதும்" என்று மகளையும் நிறுத்துகிற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவருக்கும் கட்டணம் கட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. கட்டினாலும், அன்று பள்ளியில் நடந்த பாடத்தைத்தான் மாலையில் மறுபடி நடத்துவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு விட்டுப்போன பின்னத்தைத் தேடிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கப் பெரும்பாலான டியூஷன்களில் நேரம் இருக்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள் உதவுவது இந்த இடத்தில்தான். எட்டாவது படிக்கும் பிள்ளை, வகுப்பில் யாரும் சிரிக்காமல், ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திறந்து உட்காரலாம். ஆனால் எதைத் திறப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் இந்த ஆறு கணக்குகளை எழுதிக் கொடுங்கள். பிள்ளை ஏழு அல்லது எட்டாம் வகுப்பில் இருந்தால் ஆறும் வர வேண்டும். ஆறாம் வகுப்பு என்றால் வருடக் கடைசியில் முதல் இரண்டும் ஐந்தாவதும் வந்தால் போதும்.

304 × 27 எவ்வளவு?
1/2 + 1/3 எவ்வளவு?
0.5, 0.35 இரண்டில் எது பெரியது?
–7 + 4 எவ்வளவு?
12 நோட்டு 300 ரூபாய் என்றால் 5 நோட்டு எவ்வளவு?
3x – 5 = 16 என்றால் x எவ்வளவு?

விடைகள் வரிசையாக 8208, 5/6, 0.5, –3, 125 ரூபாய், 7. நீங்கள் ஐந்தாவதோடு நின்றவராக இருந்தாலும் இந்த விடைகளை வைத்துச் சரிபார்க்கலாம். மதிப்பெண் போட வேண்டாம், திட்டவும் வேண்டாம். எந்த இடத்தில் தவறு, என்ன தவறு என்பதை மட்டும் பாருங்கள். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு தகவல். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால், பிள்ளை மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது; பின்னம் என்பது ஒரே எண் என்று அதற்கு இன்னும் படவில்லை. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறைவாக எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள், அதுவே யோசிக்க ஆரம்பிக்கும். 0.35தான் பெரியது என்று சொன்னால், 35, 5ஐ விடப் பெரியது என்று பார்த்திருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இடமதிப்பு புரியவில்லை. –7 + 4க்கு –11 என்று எழுதினால் முழுக்கள் பாடத்தில் ஓட்டை. முதல் கணக்கிலேயே தடுமாறினால் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலான பிள்ளைகளிடம் ஓட்டை இருப்பது பின்னத்தில்தான். விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று பின்னால் வருகிற எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. எட்டாம் வகுப்பு இயற்கணிதம் புரியவில்லை என்று எட்டாம் வகுப்பு வீடியோவையே பத்துத் தடவை ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு கைப்பேசியை எடுங்கள்.

எதைத் திறப்பது?

நம் கையிலேயே இருப்பது பாடப்புத்தகம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடங்களோடு கியூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். திக்‌ஷா செயலியைத் திறந்து அந்தச் சதுரத்தைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ வரும். பல பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும். பல பள்ளிகளில் நேரமில்லாமல் தாண்டிப்போகிற பக்கம் அது. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் வடிவங்களை விரலால் இழுத்து, கோணமும் பரப்பளவும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிற வேலை அதில் இருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் 2001இல் தம் படிப்புக்காக உருவாக்கியது ஜியோஜீப்ரா. இன்றைக்கும் மாணவர்களுக்கு இலவசம்தான்.

தம்பி தங்கைக்குக் கொடுத்துவிட்டதாலோ கிழிந்துபோனதாலோ பழைய வகுப்புப் புத்தகம் வீட்டில் இல்லையென்றால் கவலை வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உருது வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான புத்தகங்களும் அங்கேயே உண்டு. பின்னமும் முழுக்களும் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் இருக்கின்றன. தசமம் ஏழாம் வகுப்பில் இரண்டாம் பருவத்திலிருந்து வருகிறது.

வீடியோ வேண்டுமென்றால் கல்வி தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டு, நம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்தே நடந்துவருவது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது பல பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்பறை. அதன் பாடங்கள் யூடியூபில் வகுப்பு வாரியாக இருக்கின்றன. 2023 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட 'மணற்கேணி' செயலியில் அதே பாடத்திட்டம் அசைவூட்டப் படங்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வீட்டில் தமிழோ உருதுவோ பேசிவிட்டு ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு யோசனை: அந்தப் பாடத்தை முதலில் தமிழில் பார்க்கட்டும், பிறகு ஆங்கிலத்தில் பார்க்கட்டும். கணக்கு வராத பிள்ளை என்று நாம் நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் புரியாதது கேள்வியின் ஆங்கிலம்தான்.

பின்னத்துக்கும் முழுக்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தை. பி, எச், ஈ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்துத் தேடினால் வரும். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. இதில் யாரும் பேசி விளக்குவதில்லை. ஒரு வட்டத்தை மூன்றாக வெட்டி அதில் ஒரு துண்டை எடுத்து வைப்பது, அதையே ஆறாக வெட்டினால் எத்தனை துண்டு வேண்டும் என்று பார்ப்பது, எல்லாம் பிள்ளையின் விரலில் நடக்கும். முழுக்களுக்கு வெப்பநிலை, கடல்மட்டம், வங்கிக் கணக்கு என்று மூன்று காட்சிகள். சமன்பாட்டுக்குத் தராசு: இடது தட்டில் ஒன்றை எடுத்தால் வலது தட்டிலும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சாயும். சிலவற்றில் தமிழும் உண்டு. ஆங்கிலத்தில் இருந்தாலும் படமே பாதியைச் சொல்லிவிடும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குக் கான் அகாடமி. இந்தியப் பாடத்திட்டப்படி வகுப்பு வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பயிற்சிக் கணக்கும் ஏராளம், முழுவதும் இலவசம். ஏற்கெனவே கணக்கில் சுட்டியாக இருக்கும் பிள்ளைக்குச் சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அமைப்பு 2022இல் தொடங்கிய கணிதச் சிந்தனைப் பயிற்சி இணையவழியில் இருக்கிறது. படிப்பு இலவசம், கடைசித் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் சிறு கட்டணம்.

இவ்வளவும் ஒரே பிள்ளைக்குத் தேவையில்லை. ஒரு ஓட்டைக்கு ஒரு வீடியோ, ஒரு பயிற்சி, அவ்வளவுதான். பத்துச் செயலியை இறக்கி வைத்தால் எதையும் திறக்க மாட்டார்கள்.

வீடியோவுக்கு முன்னால் ஒரு மனிதர்

கான் அகாடமி எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொள்வது பெற்றோருக்கு உதவும். சல்மான் கான் (நடிகர் இல்லை) வங்கக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். தந்தையின் ஊர் இன்றைய வங்கதேசத்தின் பரிசால். 2004இல் அவர் பாஸ்டனில் நிதி நிறுவன வேலையில் இருந்தார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த பன்னிரண்டு வயது உறவுப் பெண் ஒருத்தி பள்ளித் தேர்வில் அலகு மாற்றம் புரியாமல் பின்தங்கியிருந்தாள். வேலை முடிந்து வந்த பிறகு தொலைபேசியிலும் கணினித் திரையில் கிறுக்கிக் காட்டியும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் தேறினாள். மற்ற உறவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் நேரம் கொடுக்க முடியாமல் போனபோதுதான், 2006இல், வீடியோக்களாக எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தார். நேரில் சொல்வதை விட யூடியூபில் பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வீடியோவை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், "இது கூடத் தெரியாதா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கதையின் இரண்டு பாதியும் முக்கியம். வீடியோ வருவதற்கு முன்னால், "இன்னைக்கு எதுவரைக்கும் புரிஞ்சுது?" என்று தினமும் கேட்ட ஒருவர் அந்தப் பெண்ணுக்கு இருந்தார். நம் பிள்ளைக்கு அப்படிக் கேட்பவர் அத்தாவாகவோ உம்மாவாகவோ இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் ராத்தாவாகவும் இருக்கலாம். கேட்பவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. "எனக்குச் சொல்லிக்கொடு பார்ப்போம்" என்று கேட்டால் போதும். பிள்ளை விளக்கத் தொடங்கி நடுவில் தயங்குகிற இடம்தான் மறுபடி பார்க்க வேண்டிய இடம்.

நேரம் என்று பார்த்தால், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சென்னையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. மாலையில் மக்தபுக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் ஃபஜ்ருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம், வாரம் நான்கு நாள் போதும். வீடியோ பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி இருபது நிமிடம் நோட்டில் எழுத வேண்டும். வீடியோவில் கணக்கைப் போடத் தொடங்கும்போது நிறுத்திவிட்டு, பிள்ளை தானே போட்டுப் பார்த்து, பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கட்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை மூடிக் கேட்டால் ஒன்றும் வராது.

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அத்தாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருகிறது என்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. திக்‌ஷாவில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு டேட்டா இல்லாமலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரப் பாடத்தை இறக்கி, பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் சிம் இல்லாமலேயே பிள்ளையிடம் கொடுக்கலாம். அதில் இன்ஸ்டாகிராமும் வராது, நிம்மதி.

கணக்கைப் படம் எடுத்தால் விடை முழுவதையும் வரிவரியாகக் காட்டும் செயலிகளும் சாட்ஜிபிடி போன்றவையும் இப்போது பிள்ளைகளுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். தடுத்தால் மறைவாகப் பயன்படுத்துவார்கள். ஒரு நிபந்தனை போதும்: முதலில் நோட்டில் முயற்சி, பிறகு சரிபார்க்க மட்டும் செயலி. அதில் வருவது தவறாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். "இதே மாதிரி ஐந்து கணக்கு கொடு" என்று கேட்கப் பயன்படுத்தினால் நல்ல வேலைக்காரன்.

நம் வீட்டிலேயே இருக்கும் கணக்கு

திரையில் பார்த்தது மனத்தில் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு உபயோகம் வேண்டும். சதவீதம் படிக்கும் பிள்ளையிடம் ரமளானில் ஜகாத் கணக்கைக் கொடுங்கள். இரண்டரை சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. 80,000 ரூபாய்க்கு 2,000. இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சதவீதமும் பின்னமும் ஒன்றுதான் என்பது அன்றைக்குப் புரியும்.

பின்னத்துக்கு ஃபராயிளை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு இறந்தார், பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள், கடன் இல்லை, வஸிய்யத்தும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 1/8. மீதி 7/8 மகனுக்கும் மகளுக்கும் 2:1 என்ற விகிதத்தில். மகனுக்கு 7/12, மகளுக்கு 7/24. மூன்றையும் 24க்கு மாற்றினால் 3, 14, 7, கூட்டினால் 24. விட்டுப்போனதும் இல்லை, மிஞ்சியதும் இல்லை. பின்னக் கூட்டல், பெருக்கல், மீ.சி.ம., விகிதம் நான்கும் ஒரே கணக்கில் வந்துவிட்டன. கலீஃபா மஅமூன் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் 'அல்ஜிப்ரா' என்ற சொல்லே வந்தது; அந்த நூலில் ஒரு பெரிய பகுதி இப்படிப்பட்ட வாரிசுரிமைக் கணக்குகள்தான். இதை மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைப்படுவதோடு நிற்காமல் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் ஒன்றைப் போடத் தெரிந்தால் நல்லது.

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி வரும்போது "வட்டி ஹராம்தானே, இதை ஏன் படிக்கணும்?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் 10,000 ரூபாய் வாங்கி ஒரு வருடம் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறக்குறைய 17,960 ரூபாய் ஆகும் என்று அந்தப் பாடத்தை வைத்தே போட்டுக் காட்டுங்கள். தெருவில் ஒரு குடும்பம் ஏன் எழ முடியாமல் போனது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை. டேப்லெட்டும் பாடமும் சேர்த்துத் தவணையில் விற்க வருபவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தவணை பல நேரம் நிதி நிறுவனக் கடன். பிள்ளை ஒரு மாதத்தில் பார்ப்பதை நிறுத்தினாலும் பணம் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுப்பதில் கவனமாக இருக்கும்படி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தியது. மேலே சொன்னவற்றில் எதற்கும் பாடம் பார்க்க ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

மகள்களுக்கும்

மகனிடம் கைப்பேசியைத் தயங்காமல் கொடுக்கிறோம். மகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம். அச்சம் புரிகிறது. ஆனால் பாதிப்பு கணக்கில் தெரிகிறது. கைப்பேசியைத் தனியறையில் கொடுக்க வேண்டியதில்லை, மகனுக்கும் கூடாது. கூடத்தில், எல்லோரும் இருக்கும் இடத்தில், யூடியூப் வரும் டிவி இருந்தால் அதில் கல்வி தொலைக்காட்சிப் பாடத்தை ஓடவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்துகொள்ளட்டும். கல்லூரியில் கணிதமோ வணிகவியலோ படிக்கும் பெண் ஒருத்தி வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தால் அந்தக் கூடமே போதும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு உடனடியான வேலை ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையை 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நிறுத்தி, 9, 10ஆம் வகுப்புகளோடு சுருக்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய என்எம்எம்எஸ் தேர்வு அப்படியே இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம்; குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு மட்டும் வருடத்துக்கு 6,695 இடங்கள். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. படிப்பறிவுத் தாளில் 20 கேள்விகள் நேரடியாகக் கணக்கு, ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து. மனத்திறன் தாளிலும் எண் தொடர்கள் நிறைய வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான். அறிவிப்பு வந்ததா என்று அரையாண்டுத் தேர்வு சமயத்திலேயே போய்க் கேளுங்கள், வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.